மூன்றடி வாசல்

வேலூர்
12.05.2024

தம்பி அருளுக்கு,

கையில் போனை வைத்துக்கொண்டு கடிதம் எதற்கு என்று உன் பெண்டாட்டி நாகவல்லி சிரிப்பாள். போனில் நான் அளவு சொன்னால் நீ "சரிக்கா, சரிக்கா" என்பாய். நாலு சரிக்காவில் ஒன்று காற்றோடு போய்விடும். காகிதமென்றால் கொத்தனார் வீரணன் கையிலேயே கொடுக்கலாம். இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்த மறுவாழ்வு மையத்தில் ஒரு கூடத்தில் பன்னிரண்டு பேர் படுத்திருக்கிறோம். கக்கூஸ் விஷயத்தை அத்தனை பேர் காதிலும் விழப் பேச எனக்கு இன்னும் பழகவில்லை.

ஸ்கூட்டியிலிருந்து விழுந்து நாலு மாதம் ஆகிறது. இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் அழுது முடித்துவிட்டேன், நீயும் முடித்துக்கொள். ஆகஸ்ட் கடைசியில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். உன் மச்சான் இறந்துபோன பிறகு ஒன்பது வருஷமாக நான் படுக்கிற அறையிலேயே இனியும் படுப்பேன். ஆனால் அதை ஒட்டியே குளியலறையும் கக்கூஸும் வேண்டும். அது இல்லாவிட்டால் நான் வீட்டுக்கு வந்தும் வராத மாதிரிதான்.

என் அறைக்கு அடுத்த நெல் அறை எட்டுக்கு ஆறரை அடி. பத்தாயத்தை எடுத்துவிட்டால் போதும், தாராளமாக வரும். இந்தக் கவரிலேயே வரைபடம் வைத்திருக்கிறேன். வாசல் சுத்தமாக மூன்றடி. நிலைக்கட்டை போக மூன்றடி, அதையும் சேர்த்து அல்ல. கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்ளே நான் விழுந்து கிடந்தால் கதவை என் மேலேயே தள்ளிக்கொண்டு யாரும் வர வேண்டாம். வாசலில் படி கூடாது. ஒரு விரல் உயரம் மேடு இருந்தாலும் என் சக்கரம் அங்கேயே நின்றுவிடும். உள்ளே ஐந்தடி வட்டம் காலியாக இருக்க வேண்டும், வண்டி திரும்புவதற்கு. வாஷ்பேசினுக்குக் கீழே தூண் வேண்டாம், என் முழங்கால் உள்ளே போக வேண்டும். தரைக்குச் சொரசொரப்பான டைல். டாய்லெட் பக்கத்தில் சுவரோடு ஒரு கம்பி, தரையிலிருந்து இரண்டேமுக்கால் அடியில். அதில் என் முழு எடையும் தொங்கும். நெல் அறைச் சுவர் ஒன்றரை அடிக் கனம், தாங்கும்.

கடைசியாக ஒன்று, இதைக் கவனமாகப் படி. நெல் அறையின் வடக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் சாமி அறை. குலசாமிப் பெட்டி நம் வீட்டில் இருக்கிறது, மாசிச் சிவராத்திரிக்கு அதை நம் வாசலிலிருந்துதான் கோயிலுக்குத் தலையில் தூக்கிப் போகிறார்கள். ஆனால் அது பங்காளிகள் பதினொரு வீட்டுக்கும் பொது. இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் டாய்லெட்டையும் குளிக்கிற இடத்தையும் தெற்குச் சுவரிலும் வாஷ்பேசினைக் கிழக்கிலும் போட்டிருக்கிறேன். வடக்குச் சுவரில் ஒரு சோப்பு டப்பாகூட மாட்டவில்லை. இதற்கு மேலும் யாராவது ஏதாவது சொன்னால் நீ அங்கே பதில் சொல்லாதே. முதலில் எனக்குச் சொல். கணக்கு டீச்சர் நான், இதற்கும் ஒரு வழி கண்டுபிடிப்பேன்.

அக்கா
யோகலட்சுமி


மானகிரி
20.05.2024

அக்காவுக்கு,

உன் கவரை நீட்டிய தபால்காரர் "என்னண்ணே, கோர்ட்டு கேஸா?" என்று கேட்டார். எங்க அக்கா லெட்டர் என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை.

வேலையைத் தொடங்கிவிட்டோம். உரக்கடையை இரண்டு நாள் பூட்டிவிட்டு நானே நின்று பத்தாயத்தைப் பிரித்தேன். உள்ளே எலி குடும்பம் குடித்தனமாக இருந்தது. ஒரு மூலையில் உன் ஏழாம் வகுப்பு ஜியாமெட்ரி பெட்டி கிடைத்தது. காம்பஸ் துருப்பிடித்துவிட்டது, மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. உன் மேஜையில் வைத்திருக்கிறேன்.

வீரணன் உன் படத்தை மூன்று தடவை தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். மற்றதெல்லாம் சரி என்றார். வாசல்படி இல்லை என்பதுதான் அவருக்குச் செரிக்கவில்லை. "நெலப்படி இல்லாம நான் இதுவரைக்கும் வாசலே வச்சதில்ல. தண்ணி அம்புட்டும் வெளிய வந்துரும், டீச்சர்ட்ட சொல்லுங்க" என்றார். தரைச் சரிவை உள்பக்கமாக விட்டால் வராது என்று நீ படத்தின் ஓரத்தில் எழுதியதை வாசித்துக் காட்டினேன். "படிச்சவுக சொன்னாச் சரிதான்" என்று சொல்லிக்கொண்டே தலையைச் சொறிந்தார்.

ஐந்தடி வட்டத்தைக் கயிறு பிடித்துச் சாக்பீஸால் தரையில் போட்டுப் பார்த்தோம். கனகச்சிதமாக உட்கார்ந்தது. நாகவல்லி அதற்குள் நின்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

சேவுகன் பெரியப்பா அந்தப் பக்கமாக வந்தவர் வாசலில் நின்று பார்த்தார். "என்னடா இடிக்கிறீக?" என்றார். விவரம் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நீ கவலைப்படாதே. நீ வரும்போது கதவைத் திறந்து நேராக உள்ளே போகலாம்.

தம்பி
அருள்பாண்டி


வேலூர்
09.06.2024

தம்பி அருளுக்கு,

இன்று இதை முதலில் உனக்குத்தான் எழுதுகிறேன். எங்கள் ஸ்கூல் மெய்யம்மை டீச்சருக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. நேற்றுக் காலை சக்கர நாற்காலியிலிருந்து டாய்லெட்டுக்கு நானே மாறி உட்கார்ந்தேன். பக்கத்தில் யாரும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டேன். நாற்காலிக்கும் டாய்லெட்டுக்கும் நடுவே பலகையை வைத்து, கம்பியைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து. எட்டு நிமிஷம் ஆனது. திரும்ப நாற்காலிக்கு வர பதினோரு நிமிஷம். வெளியே வந்து கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தேன்.

தம்பியிடம் எழுதக் கூடாத விஷயம்தான், ஆனாலும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு எப்போது ஒன்றுக்கு வருகிறது என்று தெரியாது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை நானே டியூப் போட்டு எடுக்க வேண்டும். இரவென்றும் மழையென்றும் அதற்குக் கிடையாது. ஐந்து மாதமாக யார் யாரோ என்னைப் புரட்டினார்கள், துடைத்தார்கள். எல்லாரும் நல்லவர்கள்தான். ஆனால் மூடின கதவுக்குப் பின்னால் நான் தனியாக இருந்த அந்த எட்டு நிமிஷம் மாதிரி ஒன்று எனக்கு வேறு எதிலும் கிடைக்கவில்லை. அந்தக் கதவைத்தான் உன்னைக் கட்டச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு வாரமாக நீ போனை எடுத்தாலும் இரண்டே வார்த்தையில் வைத்துவிடுகிறாய். நடவு வேலையா? டைல் போட்டாயிற்றா? வீரணன் தெரியாமல் படி வைத்துவிடப் போகிறார், பக்கத்திலேயே நில்.

அக்கா


மானகிரி
05.07.2024

அக்காவுக்கு,

வேலை முடிந்தது. கடையில் உர லோடு இறங்குகிற நாளானதால் போனில் சரியாகப் பேச முடியவில்லை.

கம்பி நீ சொன்ன உயரத்தில்தான் இருக்கிறது. ஹாலோபிளாக் சுவரில் ஆறு அங்குல போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறோம். நானே தொங்கிப் பார்த்தேன், அசையவில்லை. தரைக்கு ஆத்தங்குடிக் கல். நீ கேட்டது அது இல்லை என்று தெரியும். உனக்கு மட்டும் நன்றாக இருக்கட்டும் என்று ஆத்தங்குடிக்கே நேரில் போய் நின்று, சிவப்பில் மஞ்சள் பூப்போட்டதாகப் பார்த்து எடுத்து வந்தேன். நாகவல்லிகூட "இவ்வளவு அழகா நம்ம கூடத்துக்கே இல்லயே" என்றாள்.

போட்டோ வைத்திருக்கிறேன். உன் பழைய போனில் சரியாகத் தெரியாது என்று காரைக்குடி ஸ்டுடியோவில் பெரிதாகப் பிரிண்ட் போட்டேன். மற்றதை நீ வந்து பார்த்துக்கொள்ளலாம்.

தம்பி
அருள்


வேலூர்
14.07.2024

அருள்,

போட்டோவை நன்றாகத்தான் எடுத்திருக்கிறாய். பெரிதாகப் போட்டது இன்னும் நல்லது.

பூப்போட்ட கல்லின் மேல், வலது ஓரத்தில், மூன்று வேப்பம்பழம் கிடக்கிறது. பழுத்து மஞ்சளானது. ஒன்று நசுங்கியிருக்கிறது. பக்கத்தில் சாய்வாக வெயில். நெல் அறைக்கு ஜன்னலே கிடையாது. நம் வீட்டில் வேப்பமரம் ஒன்றுதான், அது கொல்லையில் மாட்டுக்கொட்டகையை ஒட்டி நிற்கிறது. ஹாலோபிளாக் சுவரும் அந்த அறையில் கிடையாது. நாலு பக்கமும் அப்பத்தா காலத்துச் செங்கல். நீ போல்ட் முடுக்கியது எந்தச் சுவரில்?

முப்பது பிள்ளைகளின் பரீட்சைப் பேப்பரைத் திருத்துகிறவளிடம் விடையை மட்டும் எழுதி, வழியை மறைத்துக் கொடுத்திருக்கிறாய்.

ஒரே கேள்விதான் கேட்கிறேன். என் குளியலறை எங்கே இருக்கிறது?

போன் செய்யாதே. எடுக்க மாட்டேன். போனில் நீ அழுவாய், நான் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும். எழுது.

யோகலட்சுமி


மானகிரி
26.07.2024

அக்காவுக்கு,

ஏழெட்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் ஒட்டி அனுப்பிவிடுகிறேன்.

கொல்லையில்தான் இருக்கிறது. வேப்பமரத்தடியில். உன் அறைக் கதவிலிருந்து நடந்து எண்ணினால் என் காலுக்கு முப்பத்தாறு எட்டு.

ஜூன் இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில், பங்காளி வீட்டு ஆட்கள் பதினொரு பேரும் நம் முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். நான் கூப்பிடவில்லை. சேவுகன் பெரியப்பாதான் பேசினார். நீ வரைந்த படத்தைக் காட்டினேன். சாமிச் சுவர் பக்கம் ஒன்றுமே வரவில்லை என்று உன் கையெழுத்திலேயே காட்டினேன். அவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. "கட்டிக் குடுத்த பொண்ணுக்காக நம்ம சாமி அறைக்குப் பக்கத்துல கக்கூஸு வைக்கிறதாடா? அது என்ன இங்கயே இருக்கப் போகுதா?" என்று கேட்டார். அப்படிக் கட்டினால் பெட்டியை அவர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம் என்றார்கள். அப்பா தூக்கின பெட்டி அக்கா. அப்பாவுக்குப் பிறகு பதினாறு வருஷமாக என் தலையில் வருகிற பெட்டி.

எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். உன்னிடம் மறைத்தது போதும், என்ன சொன்னேன் என்று அப்படியே எழுதிவிடுகிறேன். "எங்க அக்கா வந்து போற ஆளுதான பெரியப்பா. கொஞ்ச நாளைக்கு இருக்கும், பெறகு ஸ்கூல் பக்கமே போயிரும். நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்கிராதீக." இப்படித்தான் சொன்னேன். உடனே எல்லாரும் காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

கொல்லையில் கட்டினால் என்ன, எல்லா வசதியும் செய்துவிட்டால் நீ ஒத்துக்கொள்வாய் என்று நினைத்தேன். மூன்றடி வாசல்தான். ஆனால் வீரணன் மூன்று அங்குலம் படி வைத்துவிட்டார். கொல்லையில் மழைத்தண்ணீர் உள்ளே வரும், படி இல்லாமல் முடியாது என்றார். போகிற வழிக்குத் தகரக் கூரை போடச் சொல்லியிருக்கிறேன். அதுவரைக்கும் நானும் நாகவல்லியும் உன்னைத் தூக்கிக்கொண்டு போவோம். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்றாலும் தூக்குவோம். எங்களுக்கு அது ஒரு பாரமா?

நெல் அறையில் சாக்பீஸ் வட்டம் அப்படியே இருக்கிறது. அதை மிதிக்காமல் சுற்றித்தான் போகிறேன்.

அருள்


வேலூர்
04.08.2024

அருள்,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். படிக்கப் படிக்க எனக்குப் பெட்டி மேலும் கோபம் இல்லை, பெரியப்பா மேலும் கோபம் இல்லை. அவர் கேள்விதான் கேட்டார். பதில் சொன்னது நீ.

ஜூன் இரண்டாம் தேதி அந்தப் பதிலைச் சொல்லிவிட்டாய். ஜூன் ஒன்பதாம் தேதி நான் உனக்கு அந்த எட்டு நிமிஷத்தைப் பற்றி எழுதினேன். நீ அதைப் படித்தாய். படித்துவிட்டும் எனக்கு எதையும் எழுதவில்லை. பிறகு ஆத்தங்குடிக்குப் போய்ப் பூப்போட்ட கல் வாங்கினாய். ஈரம் பட்டால் அந்தக் கல்லில் நல்ல காலுள்ளவனே வழுக்கி விழுவான். சொரசொரப்பான டைல் என்று தமிழில்தான் எழுதியிருந்தேன். உன் மனசு உறுத்தலுக்கு எது அழகாக இருந்ததோ அதை என் காலடியில் போட்டிருக்கிறாய்.

யாராவது ஏதாவது சொன்னால் முதலில் எனக்குச் சொல் என்று கேட்டிருந்தேன். அந்த ஒரு வரியைத்தான் நீ செய்யவில்லை. சொல்லியிருந்தால் என் அறையிலேயே ஒரு மூலையைத் தடுத்துக் கட்டச் சொல்லியிருப்பேன். கட்டிலைக் கூடத்தில் போடச் சொல்லியிருப்பேன். எத்தனையோ வழி இருந்தது. இடம் எனக்குப் பெரிதில்லை. பதினொரு பேருக்கு முன்னால், என் கூடப் பிறந்தவன், இவள் இந்த வீட்டு ஆள் இல்லை என்று சொன்னான். அதைத் தாங்க எனக்கு முடியவில்லை.

தூக்கிக்கொண்டு போவேன் என்று எழுதியிருக்கிறாய். நீ ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது புளியமரத்திலிருந்து விழுந்து இரண்டு காலிலும் மாவுக்கட்டோடு கிடந்தாய். அம்மா நடவுக்குப் போய்விடும். ஐம்பது நாள் உன்னை இடுப்பில் வைத்துக் கொல்லைக்குத் தூக்கிப் போனது நான்தான். எனக்கும் அது பாரமாக இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் நீ கண்ணை இறுக்க மூடிக்கொள்வாய். வெளியே வந்த பிறகும் திறக்க மாட்டாய். ஏன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். பத்து வயதில் உனக்கு இருந்த வெட்கம் நாற்பத்தாறு வயதில் எனக்கு இருக்காதா?

நான் மானகிரிக்கு வரவில்லை. மெய்யம்மை டீச்சர் வீட்டில் கீழ்ப்பகுதி காலியாக இருக்கிறது. பள்ளத்தூரில், ஸ்கூலுக்கு இரண்டு தெரு தள்ளி. அவரே டேப் வைத்து அளந்து எனக்கு அனுப்பினார். வீரணன்தான் அங்கேயும் வேலை செய்கிறார். இந்தத் தடவை படி வைக்கவில்லை. "ஒரு தடவ தப்புப் பண்ணிட்டேன் டீச்சர், மறுக்கா பண்ண மாட்டேன்" என்று போனில் சொன்னார். அவருக்குச் சொல்ல வாய் வந்தது.

நீ கூட்டிப் போக வர வேண்டாம். கார் ஏற்பாடாகிவிட்டது.

யோகலட்சுமி


மானகிரி
19.01.2025

அக்காவுக்கு,

ஐந்து மாதமாக நான் எழுதிய நாலு கடிதமும் பிரிக்காமலே திரும்பி வந்தன. இதையாவது பிரி.

ஆகஸ்ட் முப்பதாம் தேதி நீ பள்ளத்தூரில் வந்து இறங்கியதை நான் பார்த்தேன். எதிர் வரிசையில் டீக்கடை மறைவில் நின்றேன். காரிலிருந்து பலகையை வைத்து நீயே நாற்காலிக்கு மாறினாய். டீச்சர் கை கொடுக்க வந்தார், வேண்டாம் என்றாய். கதவு திறந்திருந்தது. நேராக உள்ளே போய்விட்டாய். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நான் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். தைப் பொங்கல் கழிந்த மறுநாள் சாமிப் பெட்டியை நானே தலையில் தூக்கிக்கொண்டு போய்ச் சேவுகன் பெரியப்பா வீட்டில் இறக்கிவிட்டேன். யாரும் கேட்டு வரவில்லை. தெருவே பார்த்தது. "என்னப்பா, கோவமா?" என்று பெரியப்பா கேட்டார். "இல்ல பெரியப்பா, எங்க அக்காவுக்கு உடம்புக்கு முடியல, வீட்டுல ஒரு வேல இருக்கு, பெட்டி உங்க வீட்டுலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அப்பா இருந்தால் என்னை அடித்திருப்பார். அடித்தாலும் சரி என்றுதான் போனேன்.

நெல் அறையில் குளியலறை எழும்பிவிட்டது. பெட்டி போகும் முன்பே, மார்கழியிலேயே, சத்தமில்லாமல் தொடங்கிவிட்டேன். உன் பழைய காகிதத்தைச் சுவரில் ஒட்டி வைத்துத்தான் செய்தோம். டைல் சொரசொரப்பு, கையை வைத்துத் தேய்த்தால் தோல் உரியும். வாசல் நிலை போக மூன்றடி. படி இல்லை. வீட்டு முன்வாசல் படியையும் உடைத்துச் சரிவு போட்டுவிட்டேன். காரைக்குடியில் ஒரு மருந்துக்கடையில் சக்கர நாற்காலி வாடகைக்கு எடுத்து வந்து நானே உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன். முதலில் வாஷ்பேசின் முட்டியில் இடித்தது, இரண்டு அங்குலம் ஏற்றினோம். நாற்காலியிலிருந்து டாய்லெட்டுக்குக் காலை ஊன்றாமல் மாறிப் பார்த்தேன். இரண்டு தடவை விழுந்தேன். மூன்றாவது தடவை இருபது நிமிஷம் ஆனது. அக்கா எட்டு நிமிஷத்தில் செய்தது என்று நினைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். நாகவல்லி கதவைத் தட்டி "என்னங்க, விழுந்துட்டீகளா?" என்றாள். கதவு வெளிப்பக்கம் திறந்தது, நீ சொன்ன மாதிரியே.

நீ சொன்ன எல்லாம் செய்துவிட்டேன். மாசிச் சிவராத்திரி பிப்ரவரி இருபத்தாறு. அதற்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடு. உன் மேஜையில் ஜியாமெட்ரி பெட்டி இன்னும் இருக்கிறது, காம்பஸின் துருவைத் தேய்த்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.

தம்பி
அருள்


பள்ளத்தூர்
10.02.2025

தம்பி அருளுக்கு,

பிரித்தேன். படித்தேன். நீ நாற்காலியிலிருந்து விழுந்ததை மெய்யம்மை டீச்சரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை, இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. நீ என் தம்பி. நீ விழுந்தால் எனக்கு வலிக்கும். அதை மாற்ற என்னால் முடியவில்லை.

நான் நன்றாக இருக்கிறேன். ஸ்கூலுக்குப் போகிறேன். என் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள். போர்டில் பாதி உயரம்தான் எனக்கு எட்டும். பின்னால் இருக்கிற பிள்ளைகள் எட்டிப் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். டாய்லெட்டுக்கு மாற இப்போது மூன்று நிமிஷம் போதும்.

பெட்டியை நீயே தூக்கிக் கொடுத்தது சாதாரண காரியம் இல்லை. அப்பாவுக்குப் பிறகு அந்தப் பெட்டி உனக்கு என்ன என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உன் கடிதத்தில் ஒரு வரியைத் தேடித் தேடிப் படித்தேன். பெரியப்பாவிடம் என்ன சொன்னாய் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தை. அக்காவுக்கு உடம்புக்கு முடியவில்லை, வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. அவ்வளவுதான் சொல்லியிருக்கிறாய். அருள், நான் உன்னிடம் பெட்டியைக் கேட்கவில்லை. அப்பாவின் பெருமையைக் கொண்டுபோய் இன்னொருவர் வீட்டில் வைக்கச் சொல்லவில்லை. "அது என்ன இங்கயே இருக்கப் போகுதா?" என்று அவர் கேட்டார். "ஆமா பெரியப்பா, எங்க அக்கா இங்கதான் இருக்கும், அது வீடு இது" என்று சொல்ல உனக்கு ஒரு மூச்சு போதும். ஜூன் மாதம் சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டு வாசலில் நின்றபோதும் சொல்லவில்லை. தெருவே பார்க்கப் பெட்டியைச் சுமக்க உன்னால் முடிந்தது. அந்த ஒரு வார்த்தையைச் சுமக்க முடியவில்லை. எல்லாவற்றையும் அளந்து கட்டியிருக்கிறாய், சொன்ன சொல்லை மட்டும் அப்படியே விட்டுவிட்டாய்.

அது அப்படியே இருக்கும்போது நான் அங்கே வந்து குடியிருந்தால், ஒவ்வொரு நாளும் யாருடைய வீட்டிலோ தங்கியிருக்கிற மாதிரி இருக்கும். கதவைச் சாத்தினாலும் நிம்மதி வராது.

சிவராத்திரிக்கு வருகிறேன். கட்டிக் கொடுத்த மற்றப் பெண்கள் வருகிற மாதிரி தேங்காய், பழம், பூவோடு தட்டெடுத்து வருவேன். பெரியப்பா வீட்டுக்கும் போய்ச் சாமியைக் கும்பிட்டுவிட்டு நம் வீட்டுக்கு வருவேன். நாகவல்லி கையால் சாப்பிடுவேன். நீ கட்டிய குளியலறையை ஒரு தடவை பயன்படுத்துவேன், நன்றாக இருக்கிறது என்று பதினொரு வீட்டு ஆட்கள் காதிலும் விழச் சொல்வேன். அது உனக்குச் சேர வேண்டியது. வந்து போகிற ஆள் என்று நீ எனக்காக ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறாய். அக்கா அதைப் பொய்யாக்க மாட்டேன்.

நெல் அறையை மறுபடியும் சாமான் போட்டு அடைத்துவிடாதே. உனக்கும் நாகவல்லிக்கும் வயதாகும், அப்போது அந்த மூன்றடி வாசல் உதவும். கம்பி என் கைக்கு அளந்தது. நீ என்னைவிட உயரம், உனக்கென்றால் இரண்டு அங்குலம் ஏற்றிப் போட்டுக்கொள். காம்பஸை மட்டும் எடுத்து வை, எனக்கு ஸ்கூலில் வேண்டும்.

அன்று சாயங்காலம் நாலு மணிக்குப் பள்ளத்தூர் திரும்ப ஆட்டோ சொல்லியிருக்கிறேன். வாசலிலேயே நிற்கும்.

அக்கா
யோகலட்சுமி